கிடங்குச் சாவி யாரிடம்?

முதலில் விமானங்கள் நின்றன. பிறகு அமெரிக்காவின் உதவிப் பணம் நின்றது. கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி நாட்டில் பல பத்தாண்டுகளாக நிவாரணமும் போதகர் பயிற்சியும் நடத்திவந்த வெளிநாட்டுக் கிறிஸ்தவ மிஷன்களின் ஆட்களில் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த நாட்டின் போதகர்களும் பங்குத்தந்தையரும் உபதேசியார்களும் மக்களோடு அங்கேயே இருக்கிறார்கள். வெளிநாட்டார் இல்லாத நாளுக்கு இவர்களை யாராவது தயார்படுத்தி வைத்தார்களா? வெளியூருக்கு ஆளும் பணமும் அனுப்பும் எந்தச் சபையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

துண்டிக்கப்பட்ட தலைநகரம்

2021 ஜூலை 7 அன்று ஹைட்டியின் அதிபர் ஜோவெனெல் மொயிஸ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு அதற்குப் பிறகு நிமிரவில்லை. 2024 பிப்ரவரி இறுதியில் ஆயுதக் கும்பல்கள் பகையை மறந்து கைகோத்தன. அடுத்த சில நாள்களில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரிய சிறைகளை உடைத்தன. விமான நிலையம் மூன்று மாதம் அளவுக்கு மூடிக்கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் பயணிகள் விமானங்கள்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்ததும், அமெரிக்கா தன் விமானங்கள் அங்கே பறக்கத் தடை விதித்தது.

தலைநகரில் ஏறத்தாழ 90% கும்பல்களின் பிடியில் இருப்பதாக 2025இல் ஐ.நா. மதிப்பிட்டது. 2025ஆம் ஆண்டின் நடுவில், வீட்டைவிட்டு ஓடி நாட்டுக்குள்ளேயே அகதிகளாக இருந்தவர்கள் 13 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகை 1.2 கோடிதான். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர், 57 லட்சம் பேர், கடுமையான உணவுப் பற்றாக்குறையில் இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1 அன்று அந்த உதவியை நடத்திவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே முடிவுக்கு வந்தது. கத்தோலிக்க நிவாரணச் சேவை, வேர்ல்ட் விஷன், வேர்ல்ட் ரிலீஃப் போன்ற சபை சார்ந்த பெரிய அமைப்புகள் உலகின் பல நாடுகளில் நடத்திய திட்டங்களில் அந்த அரசுப் பணத்துக்குக் கணிசமான பங்கு இருந்தது. எல்லாம் விசுவாசிகளின் காணிக்கையில் நடக்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது செய்தியாக இருந்திருக்கும்.

மிஷனரிகள் பயந்து ஓடிவிட்டார்கள் என்று ஏளனம் பேசுவது எளிது, நியாயம் ஆகாது. 2021 அக்டோபரில் ஓர் அனாதை இல்லத்துக்குப் போய்த் திரும்பிய 17 பேரை, குழந்தைகள் உட்பட, ஒரு கும்பல் கடத்தி இரண்டு மாதம் வைத்திருந்தது. 2024 மே மாதம் ஓர் இளம் அமெரிக்கத் தம்பதியும் அவர்களுடைய அமைப்பின் ஹைட்டிய இயக்குநரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். உலகச் செய்திகளின் தலைப்புகளில் தம்பதி இருந்தார்கள்; அந்த இயக்குநரைப் பற்றி அறிய உள்ளே நான்கைந்து பத்தி போக வேண்டியிருந்தது. உதவி செய்யப் போகிறவர்களின் பார்வையிலும் இந்த வரிசை இருந்துவந்திருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ஒரு வாரத் தொண்டு

மியாமியிலிருந்து போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். அந்த அண்மையே ஹைட்டியை அமெரிக்கச் சபைகளின் விருப்பமான மிஷன் களமாக்கியது. ஒரே நிறச் சட்டை அணிந்த குழுக்கள் கோடை விடுமுறையில் வந்து இறங்கும். மருத்துவ முகாம், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுதல், பழைய துணி விநியோகம், ஓர் அனாதை இல்லத்தில் விளையாட்டு, ஞாயிறு ஆராதனையில் ஒரு பிரசங்கம் என்று ஒரு வாரம் போகும். போதகர் பயிற்சிக்கென்று வருபவர்கள் சில நாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இதன் கணக்கு வழக்கைக் கூர்ந்து பார்த்தவர் கர்ட் வெர் பீக். அமெரிக்காவின் கால்வின் என்ற கிறிஸ்தவக் கல்லூரியின் சமூகவியலாளர்; ஹோண்டுராஸில் நீண்டகாலம் குடியிருப்பவர். 1998இல் மிட்ச் புயல் அந்த நாட்டைச் சூறையாடிய பிறகு, வீடு கட்டித்தர வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாக ஆட்கள் வந்தார்கள். அதே வீட்டை உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு கட்ட 2,000 டாலர். வெளிநாட்டுக் குழு வந்து கட்டினால், பயணச் செலவும் சேர்த்து 30,000 டாலர் அளவுக்கு ஆனது.

பணம் போனாலும் உறவு வளர்கிறதே என்பார்கள். வீடு பெற்றவர்களிடம் வெர் பீக் கேட்டபோது, வெளிநாட்டார் கட்டிய வீட்டுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டுக்கும் அவர்கள் பெரிய வேறுபாடு சொல்லவில்லை. வந்துபோனவர்களின் காணிக்கையிலோ வாழ்க்கையிலோகூடக் காலம் கடந்து நிற்கும் மாற்றம் அதிகம் இல்லை. அங்கே யாரும் செய்ய முடியாத அறுவை சிகிச்சைக்கு ஒரு மருத்துவர் ஒரு வாரம் வருவதை நான் இதில் சேர்க்கவில்லை. சுவருக்கு வண்ணம் பூச ஹைட்டியில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செலவைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. ஒரு பேரிடரின்போது யார் பட்டியல் எழுதுகிறார், யார் கிடங்கைத் திறக்கிறார், யார் முதலில் யாருக்கு என்று முடிவெடுக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஊர் தன் தலைவர்களை அறிந்துகொள்கிறது. அந்த வேலையைச் செய்துதான் ஒருவர் தலைவராகப் பழகுகிறார். மூட்டையை வெளியார் இறக்க, பட்டியலை வெளியார் எழுத, உள்ளூர் போதகர் ஜெபம் செய்து முடித்துவைக்க மட்டும் அழைக்கப்பட்டால், எத்தனை கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தாலும் அவர் கற்றுக்கொள்வது காத்திருப்பதைத்தான். நிவாரணம் ஒரு கணக்கு, பயிற்சி இன்னொரு கணக்கு என்று மிஷன்கள் பிரித்து வைத்ததே அடிப்படைப் பிழை.

2010இல் நடந்தது

2010 ஜனவரி 12 நிலநடுக்கம் இந்தப் பிழையைப் பெரிதாக்கிக் காட்டியது. இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது ஹைட்டி அரசு. கத்தோலிக்கப் பேராலயம் இடிந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ இறந்தார். உலகம் பணத்தைக் கொட்டியது. அவசர நிவாரணத்துக்கென வந்த அரசுகளின் நிதியில் ஹைட்டி அரசின் கைக்கு வந்தது ஒரு சதவீதம் அளவுதான். உள்ளூர் தொண்டு அமைப்புகளுக்கு அதைவிடக் குறைவு. மீதி, வந்தவர்களின் வாகனம், சம்பளம், தங்குமிடம், ஒப்பந்தக்காரர் வழியாகவே புழங்கியது.

இலவச அரிசிக்கும் ஒரு முன்கதை உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை ஹைட்டி தனக்கு வேண்டிய அரிசியைப் பெரும்பாலும் தானே விளைத்தது. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு அதன் நெற்களஞ்சியம். 1995இல் இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், மானியம் பெற்ற அமெரிக்க அரிசி சந்தையை நிறைத்தது. மக்கள் அதற்கு ‘மியாமி அரிசி’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கொள்கை தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்குத் தவறாகப் போனது என்று 2010 மார்ச்சில் செனட் குழு முன் பில் கிளின்டனே ஒப்புக்கொண்டார். இப்படி ஏற்கெனவே நொந்திருந்த உழவர்கள் நடுவில்தான் நிவாரணக் கப்பல்களின் இலவச மூட்டைகள் இறங்கின. ‘பெப்பே’ எனப்படும் பழைய துணி மூட்டைகளால் ஹைட்டியின் தையல்காரர்கள் பட்ட பாடும் இதே வகை.

குழந்தைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம் ஆவதற்குள், அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர் 33 குழந்தைகளை எல்லை கடத்தி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். அனாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். அவர்களே நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பி ஒப்படைத்திருந்தார்கள்.

அந்தச் சம்பவம் விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. ஹைட்டியின் அனாதை இல்லங்களில் 30,000 அளவுக்குக் குழந்தைகள் இருந்ததாகவும், அவர்களில் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ இருப்பதாகவும் குழந்தை நல அமைப்புகளின் மதிப்பீடு. ஹைட்டியின் பள்ளிகளில் பெரும்பாலானவை தனியார் பள்ளிகள். கட்டணம் கட்ட வழியில்லாத தாய், பிள்ளையை இல்லத்தில் விடுகிறாள். வெளிநாட்டுச் சபை அந்தப் பிள்ளையின் படத்தை வைத்து நிதி திரட்டி இல்லத்தை நடத்துகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தாயிடம் பள்ளிக் கட்டணமாகக் கொடுத்திருந்தால் இல்லமே தேவைப்பட்டிருக்காது.

போதகரை யார் உருவாக்குவது?

பயிற்சிக்கு வருவோம். 1860இல் ஹைட்டி அரசும் வாடிகனும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, அந்த நாட்டுக்குக் குருக்கள் பெரும்பாலும் பிரான்சின் பிரித்தானி பகுதியிலிருந்து வந்தார்கள். ஹைட்டிக்கென்றே அங்கே ஒரு குருமடம் நடந்தது. போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு ஹைட்டியில் பிறந்த ஒருவர் பேராயராக 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் சர்வாதிகாரி பிரான்சுவா துவாலியே வாடிகனோடு மல்லுக்கட்டிப் பெற்ற ஏற்பாடு. அவருக்கு வேண்டியிருந்தது தன் சொல் கேட்கும் ஆயர்கள். சபை தானாக மனமுவந்து செய்யாததை, தன் சுயநலத்துக்காக ஒரு கொடுங்கோலர் செய்துவைத்தார்.

நம் ஊர் வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா 1912இல் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கத்தோலிக்க லத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயரான திபூர்சியுஸ் ரோச் 1923இல் தூத்துக்குடிக்கு வந்தார். இங்கும் எல்லாம் தாமதம்தான். ஆனாலும் போர்ட்-ஓ-பிரின்ஸைவிட நாற்பது ஐம்பது ஆண்டுகள் முந்தி.

ஹைட்டியிலேயே வேறு வழியில் போனவரும் உண்டு. ஜேம்ஸ் தியடோர் ஹாலி, அமெரிக்கக் கறுப்பினக் குருவானவர். 1861இல் நூற்றுக்கும் மேற்பட்ட குடியேறிகளோடு அங்கே போனார். வந்த சில மாதங்களிலேயே தாய், மனைவி, இரண்டு குழந்தைகள் நோயில் இறந்தார்கள். அவர் திரும்பவில்லை, ஹைட்டியின் குடிமகனாகி, அந்த மண்ணின் மக்களையே குருக்களாக்கினார். 1874இல் பேராயரானார்; 1911இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் நிறுவிய மறைமாவட்டம் பின்னாளில் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையிலேயே அதிக உறுப்பினர் கொண்ட மறைமாவட்டமாக வளர்ந்தது.

மொழியும் தடையாக இருந்தது. ஹைட்டியர் அனைவரும் பேசுவது கிரியோல். பிரெஞ்சு சரளமாகத் தெரிந்தவர்கள் சிறுபான்மை. பள்ளியும் குருமடமும் நெடுங்காலம் பிரெஞ்சில்தான் நடந்தன. ஆர்மண்ட் மெக்கானல் என்ற அயர்லாந்து மெதடிஸ்ட் மிஷனரி 1940களில் கிரியோலுக்கு எழுத்து முறை வகுத்து முதியோர் கல்வி நடத்தியது ஹைட்டியில் மிஷன்கள் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. முழு வேதாகமம் கிரியோலில் வந்தது 1985இல். 1987 அரசியல் சட்டத்தில்தான் கிரியோல் ஆட்சிமொழி ஆனது.

இன்னொரு தடை, இடம். கிராமத்துச் சபையை நடத்துபவர் பெரும்பாலும் உழவர், தச்சர், சிறுகடைக்காரர். அவரால் வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டு தலைநகரில் தங்கிப் படிக்க முடியாது. தங்கிப் படித்த இளைஞர் கிராமத்துக்குத் திரும்புவதில்லை; மியாமிக்கோ மான்ட்ரியாலுக்கோ போய்விடுகிறார்.

இதே சிக்கலை குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963இல் நேர்கொண்டது. படித்து முடித்தவர்களில் சிலரே கிராமச் சபைகளில் இருப்பதைக் கண்டு, மாணவரை வரவழைப்பதை விட்டு ஆசிரியர்களை ஊர்களுக்கு அனுப்பியது. ஏற்கெனவே சபை நடத்துபவர்கள் வாரம் முழுதும் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே பாடம் படித்தார்கள். வாரம் ஒருமுறை அருகிலிருக்கும் மையத்தில் கூடி ஆசிரியரோடு விவாதித்தார்கள். அந்த முறை லத்தீன் அமெரிக்கா முழுதும் பரவி, 1971இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு வழியாக இந்தியாவுக்கும் வந்தது. செலவு குறைவு, கட்டடம் வேண்டாம், விமானம் நின்றாலும் வகுப்பு நிற்காது.

பாடத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். தலைநகருக்கு வடக்கே, 2010 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் தரிசு மண்ணில் உருவாக்கிய குடியிருப்பு கானான். 2023 ஆகஸ்டில் ஒரு போதகர், தலைநகரின் ஒரு பகுதியிலிருந்து தன் சபையாரைத் திரட்டி, கம்பும் வெட்டுக்கத்தியுமாக அங்கிருந்த கும்பலை விரட்ட ஊர்வலம் நடத்தினார். விசுவாசம் உள்ளவர்களைக் குண்டு தீண்டாது என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். ஒரு கூட்டத்தையே தெருவுக்கு இழுக்கும் வாக்குவன்மை ஒருவருக்கு இருந்து, அபாயத்தை எடைபோடும் பயிற்சி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கான்ஷ் கிராமத்தில்

நல்ல முன்மாதிரியும் ஹைட்டியிலேயே இருக்கிறது. மத்திய மேட்டுநிலத்தில் 1950களில் பெலிக்ர் அணை கட்டப்பட்டபோது விளைநிலத்தைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த உழவர்கள் கான்ஷ் என்ற வறண்ட மேட்டில் ஒதுங்கினார்கள். ஃபிரிட்ஸ் லஃபோந்தான் என்ற ஹைட்டியக் குருவானவர் தன் மனைவியோடு அங்கே சபையும் பள்ளியும் தொடங்கினார். 1980களில் அவரைத் தேடி வந்த அமெரிக்க இளைஞர்களில் ஒருவர்தான் பால் ஃபார்மர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மருத்துவர். கிரியோலில் ‘ஸன்மி லசான்தே’ எனப்படும் மருத்துவ அமைப்பு அங்கே பிறந்தது.

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா சபையினர் பள்ளத்திலிருந்து தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் திட்டத்துக்குப் பணமும் பொறியாளர்களும் தந்தார்கள். வந்தவர்கள் வேலை செய்தது ஹைட்டியக் குருவானவரின் திட்டத்தில், அவர் சொன்ன முன்னுரிமைப்படி. ஃபார்மரின் குழு கிராமத்தாருக்கே பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, காசநோய், எச்ஐவி நோயாளிகளின் வீட்டுக்கு நாள்தோறும் நடந்துபோய் மாத்திரை கொடுக்கவைத்தது. ஏழைகளால் இந்தச் சிகிச்சையை ஒழுங்காக எடுக்க முடியாது என்று அன்று வல்லுநர்கள் பலர் நினைத்தார்கள். இந்தக் கிராமத்தார் அதைப் பொய்யாக்கினார்கள்.

அங்கேயும் எல்லாம் தப்பவில்லை. 2013இல் அருகிலுள்ள மிர்பலேயில் 300 படுக்கைகளோடு திறந்த பெரிய மருத்துவமனை, 2025 மார்ச் இறுதியில் கும்பல்கள் அந்த நகரைத் தாக்கிய பிறகு பணிகளை நிறுத்த நேர்ந்தது. கட்டடம் முடங்கியது. வீடு வீடாக நடந்துபோகக் கற்ற கை கால்கள் அந்த மக்களோடு இடம்பெயர்ந்தன. அமைப்பின் மற்ற மருத்துவ மையங்கள் தொடர்ந்தன. பணியாளர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஹைட்டியர் என்பதால் விமானத் தடை அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

சோறும் ஜெபமும்

நிவாரணத்தோடு மதப்பரப்பலைச் சேர்ப்பது பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஹைட்டியில் மக்களில் பலர் கிறிஸ்தவர்களாகவும் வூடூ வழிபாட்டில் பங்கெடுப்பவர்களாகவும் ஒருசேர வாழ்கிறார்கள். 1940களின் தொடக்கத்தில் சபையும் அரசும் சேர்ந்து வூடூ கோயில்களை இடித்த வரலாறு அங்கே மறக்கப்படவில்லை. 2010 நிலநடுக்கத்துக்கு மறுநாளே ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கியார், ஹைட்டியர் சாத்தானோடு செய்த ஒப்பந்தமே காரணம் என்றார். அடுத்த மாதம், இறந்தவர்களுக்காக நடந்த வூடூ சடங்கின்மீது ஒரு கிறிஸ்தவக் கூட்டம் கல்லெறிந்தது. காலரா பரவியபோது வூடூ பூசாரிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலராவைக் கொண்டுவந்தது ஐ.நா. அமைதிப் படை முகாமின் கழிவு.

தமிழகத்துக்கும் இது புதிதல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலி மிஷன்கள் கஞ்சித் தொட்டி நடத்தியபோது ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். அது நன்றியா, பசியா, நம்பிக்கையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பசித்தவரின் ‘ஆமாம்’ எதற்கான ஆமாம் என்று கொடுப்பவரால் அறிய முடியாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதிகள், உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. கத்தோலிக்க அமைப்புகளும் வேர்ல்ட் விஷனும் அதை ஏற்றவை. சிறிய சபைக் குழுக்கள்தான் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லாமல் இயங்குகின்றன.

என்ன செய்யலாம்?

அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். நூற்றுக்கணக்கான மேற்கத்தியப் பிரதிநிதிகள் இருந்த அவையில், மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, நட்பைத் தாருங்கள் என்று கேட்டார். அவையில் பலர் முகம் சுளித்தார்கள். நட்பைக் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்பதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, பணம். ஹைட்டிக்குப் போக முடியாத குழுக்கள், பயணத்துக்கென்று திரட்டிய தொகையை உள்ளூர் சபைக் குழுக்களுக்கு அனுப்பலாம். அங்கே கைப்பேசி வழியே பணம் அனுப்பும் மொன்காஷ் சேவை புழக்கத்தில் இருக்கிறது. சந்தை இயங்கும் ஊர்களில் மூட்டையைவிடப் பணமே மேல். ‘மதான் சாரா’ எனப்படும் பெண் வியாபாரிகள் கும்பல்களின் சாவடிகளைத் தாண்டியும் சரக்கு கொண்டுவருகிறார்கள், அவர்களுக்கும் வியாபாரம் நடக்கும். கும்பல்கள் வழிப்பறி செய்யும் பகுதிகளில் சிறு தொகைகளாகப் பிரித்து அனுப்ப வேண்டும். உணவுதான் வேண்டும் என்றால் ஆர்ட்டிபோனிட், தெற்குப் பகுதி உழவர்களிடம் வாங்கட்டும். ஆர்ட்டிபோனிடும் கும்பல்களால் தாக்கப்பட்டிருக்கிறது என்பதால் எல்லா மாதமும் முடியாது, முடிகிற மாதத்திலாவது.

இரண்டாவது, பொறுப்பு. போதகர் ஒருவரிடம் மட்டும் பணத்தைக் கொடுப்பது இன்னொரு ஆபத்து. உள்ளூர்க்காரர் என்பதாலேயே யாரும் யோக்கியர் ஆகிவிடுவதில்லை. போதகரின் குடும்பத்தைச் சாராத மூவர், அவர்களில் இருவராவது பெண்கள், சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும் என்று வைக்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற மொத்தக் கணக்கைக் கிரியோலில் எழுதி வாசலில் ஒட்டலாம். பெற்றவர்களின் பெயர் வேண்டாம், கும்பல்கள் படிக்கும்.

பயிற்சி மூன்று நாளில் முடியக் கூடாது. மூன்று ஆண்டு, வாரம் ஒருமுறை, கிரியோலில், அவரவர் ஊருக்கு அருகில். வேதாகமப் பாடத்தோடு கணக்கெழுதுவது, முதலுதவி, காலராவுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல், குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம் எப்படிப் பேசுவது, கும்பலோடு பேச வேண்டி வந்தால் எதைப் பேசக் கூடாது என்பவையும் இருக்க வேண்டும். பாடம் எழுதுபவர்கள் ஹைட்டியர்களாக இருக்கட்டும். வெளிநாட்டு ஆசிரியர் கைப்பேசியில் பேசினால் போதும்.

அனாதை இல்லங்களுக்குப் போகும் மாதாந்திர நன்கொடையை, இல்லத்தின் ஒத்துழைப்போடு, இரண்டு மூன்று ஆண்டுகளில் குடும்பங்களுக்கான பள்ளிக் கட்டணமாக மாற்றலாம். உண்மையாகவே யாருமற்ற குழந்தைகளுக்கு மட்டும் இல்லம் தொடரட்டும். உணவு கொடுக்கும் இடத்திலும் நேரத்திலும் பிரசங்கமோ பெயர்ப் பதிவோ கூடாது. வூடூ கும்பிடுபவருக்கும் அதே வரிசை.

தமிழகச் சபைகளுக்கு ஒரு சொல். 1903இல் அசரியாவும் நண்பர்களும் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் முதல், இன்று வட மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பும் அமைப்புகள்வரை இங்கே பல உண்டு. பணம் ஒரே நாளில் நின்றுபோகும் அனுபவமும் நமக்குப் புதிதல்ல: 48 ஆண்டுகள் இயங்கிய கம்பாஷன் இண்டர்நேஷனல், வெளிநாட்டுப் பண அனுமதிச் சிக்கலால் 2017 மார்ச்சில் இந்தியாவைவிட்டு வெளியேறியபோது, 1.4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மாதாந்திர உதவி நின்றது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னொன்றுக்கு மாற்றுவதையே தடைசெய்துவிட்டது.

எனவே அடுத்த ஆண்டு பட்ஜெட் கூட்டத்தில், ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ சபை நடத்தும் எந்த அமைப்பிடமும் அதன் உறுப்பினர்கள் மூன்று எண்களைக் கேட்டு வாங்கலாம்: இங்கிருந்து போகிறவர்களின் பயணத்துக்கும் சம்பளத்துக்கும் ஆன செலவு எவ்வளவு, அந்த ஊர்க்காரர்களே கையெழுத்திட்டுச் செலவழித்த தொகை எவ்வளவு, நம் ஆள் அங்கிருந்து திரும்ப வேண்டிய ஆண்டு எது. மூன்றாவது எண் இல்லாத திட்டத்துக்கு அந்த ஆண்டு ஒப்புதல் தராமல் நிறுத்திவைக்கலாம்.